மின்தடை, மின்திறன் கணக்கு எங்கே உதைக்கிறது? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட உறவும், அதோடு சேர்ந்து வரும் திறன் கணக்கும் இவ்வளவுதான். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்த யாரும் போட்டுவிடலாம். ஆனாலும் விடை மீட்டரோடு ஒத்துப்போகாது, ரெசிஸ்டர் (மின்தடை தரும் சின்ன பாகம்) கருகும், எல்இடி மங்கலாக எரியும். அப்போது பலரும் சூத்திரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இருக்காது. சூத்திரத்துக்குள் போட்ட இரண்டு எண்களும் ஒரே பொருளுக்கு உரியவையா, ஒரே நேரத்தில் அளந்தவையா, சரியான அலகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று தவறியதால் வருபவை.

உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் எல்லோருக்கும்: 230 வோல்ட் போன்ற வீட்டு மின்சாரத்தில் பழக்கமில்லாதவர்கள் திறந்த கம்பியில் மீட்டர் வைத்து அளக்கக் கூடாது. கருவியின் லேபிளில் உள்ள எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாக்கெட்டுக்கும் கருவிக்கும் நடுவில் செருகும் வாட் மீட்டரைப் பயன்படுத்துங்கள்.

விடை நம்ப முடியாத அளவு பெரிதாக அல்லது சிறிதாக வருகிறது

முதலில் அலகைப் பாருங்கள். மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மீட்டர்) 20 என்று வந்திருக்கும். அது 20 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டை அப்படியே 20-ஆல் வகுத்தால் 0.6 ஓம் வரும். 0.02 ஆம்பியர் என்று மாற்றி வகுத்தால் 600 ஓம். திறனிலும் இதே கதைதான். 12 × 20 = 240 வாட் என்று எழுதினால் ஒரு சின்ன ரெசிஸ்டர் வீட்டு மின்விசிறியை விட அதிக மின்சாரம் இழுப்பதாக ஆகிவிடும். உண்மை விடை 0.24 வாட்.

விடை எத்தனை மடங்கு பிசகியிருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். ஆயிரம் மடங்கு என்றால் மில்லியோ கிலோவோ ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. பத்து லட்சம் மடங்கு என்றால் மில்லி ஆம்பியரை அப்படியே வர்க்கப்படுத்தியிருக்கிறீர்கள்: 20 × 20 × 600 = 2,40,000 என்று வந்து நிற்கும். அது வாட் இல்லை, மைக்ரோவாட். பத்து லட்சத்தால் வகுத்தால் அதே 0.24 வாட். சரியாக இரண்டு மடங்கு, அதுவும் மாறுதிசை மின்சாரத்தில் என்றால், உச்ச மின்னழுத்தத்தைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பின்னால் பார்ப்போம்.

சின்ன சர்க்யூட்டுகளில் நிறைய கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை நேராக கிலோ ஓமில் வரும். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் மில்லி வாட்டில் வரும். 12 ÷ 20 = 0.6 கிலோ ஓம், 12 × 20 = 240 மில்லி வாட். புள்ளியை நகர்த்தும் வேலையே இல்லை. ஆனால் ஒரே தாளில் இந்த வழியையும் பழைய வழியையும் கலந்து எழுதாதீர்கள்.

ஒரே ரெசிஸ்டருக்கு மூன்று சூத்திரமும் மூன்று திறனைக் காட்டுகிறது

திறனைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை

மூன்றும் ஒரே விடையைத் தந்தே ஆக வேண்டும். தரவில்லை என்றால், சர்க்யூட் முழுவதற்கும் உள்ள மின்னழுத்தத்தை அதன் ஒரு பகுதிக்குப் போட்டுவிட்டீர்கள். நான் பார்த்த வரையில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

12 வோல்ட் மூலத்தோடு 100 ஓம், 200 ஓம் இரண்டும் தொடராக இணைந்திருக்கின்றன. மொத்தம் 300 ஓம், மின்னோட்டம் 0.04 ஆம்பியர். இப்போது 100 ஓம் ரெசிஸ்டரின் திறன் எவ்வளவு?

மின்னோட்டத்தை வைத்துப் போட்டால் 0.04 × 0.04 × 100 = 0.16 வாட். மூலத்தின் 12 வோல்ட்டை எடுத்து வர்க்கப்படுத்தி 100-ஆல் வகுத்தால் 1.44 வாட். 12-ஐ 0.04-ஆல் பெருக்கினால் 0.48 வாட். மூன்று விடைகள், மூன்றும் வேறு!

இதில் 0.16 மட்டுமே சரி. தொடர் இணைப்பில் மின்னோட்டம் இரண்டுக்கும் பொதுவானது, அதனால் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. 12 வோல்ட் அப்படி இல்லை. அது இரண்டு ரெசிஸ்டருக்கும் சேர்த்து உள்ள அழுத்தம். 100 ஓமின் இரு முனைகளுக்கு நடுவில் 0.04 × 100 = 4 வோல்ட்தான் நிற்கிறது. அந்த நாலைப் போட்டுப் பாருங்கள்: 4 × 0.04 = 0.16; 4 × 4 ÷ 100 = 0.16. சரியாகிவிட்டது. 0.48 என்று வந்ததும் வீண் எண் இல்லை. அது சர்க்யூட் முழுவதின் திறன். 200 ஓமின் 0.32-ஐயும் 100 ஓமின் 0.16-ஐயும் கூட்டினால் அதே 0.48 வரும். பகுதிகளின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மிக நல்ல சோதனை. நேரம் இருக்கிறதோ இல்லையோ, இதை மட்டும் விடாதீர்கள்.

பக்க இணைப்பில் இதே பிழை தலைகீழாக வரும். அங்கே மின்னழுத்தம் பொது, மின்னோட்டம் பிரிந்து ஓடும். மூலத்திலிருந்து கிளம்பும் மொத்த மின்னோட்டத்தை ஒரு கிளைக்குப் போட்டால் அந்தக் கிளையின் மின்தடை உண்மையை விடக் குறைவாக வரும், திறன் அதிகமாக வரும்.

எல்இடிக்குக் கணக்குப் போட்டு ரெசிஸ்டர் வைத்தேன், ஆனால் கருகிவிட்டது (அல்லது மங்கலாக எரிகிறது)

எல்இடியில் 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று இருந்தால், 3 ÷ 0.02 = 150 ஓம் என்று வகுத்துவிடலாம். எண் தவறில்லை. ஆனால் அதை எல்இடியின் மின்தடை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவதுதான் தவறு. எல்இடி ஓம் விதிக்குக் கட்டுப்பட்ட பொருள் இல்லை. அதே எல்இடியில் 2.8 வோல்ட் வைத்தால் 5 மில்லி ஆம்பியர் மட்டும் ஓடலாம். அப்போது விடை 560 ஓம். அழுத்தம் கொஞ்சமே குறைந்தாலும் மின்னோட்டம் சரசரவென்று விழும், கொஞ்சம் கூடினால் எகிறும். அந்தக் குறிப்பிட்ட புள்ளிக்கு மட்டும் 150 ஓம் என்பது பொருந்தும்.

ஆகவே ஓம் விதியை எல்இடிக்குப் போடாமல், அதோடு தொடராக இருக்கும் ரெசிஸ்டருக்குப் போடுங்கள். 12 வோல்ட் மூலத்தில் எல்இடி 3 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் ரெசிஸ்டருக்கு மிச்சம் 9 வோல்ட். 9 ÷ 0.02 = 450 ஓம். கடையில் எளிதாகக் கிடைக்கும் அடுத்த அளவு 470. அதை வைத்தால் சுமார் 19 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.17 வாட் வெப்பமாகும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

மங்கலாக எரிகிறது என்றால் 12-ஐ முழுதாக 0.02-ஆல் வகுத்து 600 ஓம் வைத்திருப்பீர்கள். ஓடுவது 15 மில்லி ஆம்பியர்தான். கெடுதல் ஒன்றும் இல்லை. கருகிவிட்டது என்றால் அந்த 150 ஓமையே ரெசிஸ்டராகப் போட்டிருக்கலாம்: 9 ÷ 150 = 60 மில்லி ஆம்பியர், மூன்று மடங்கு.

இன்னொரு சூழ்நிலை மறைந்திருந்து கெடுக்கும். மூன்று எல்இடியைத் தொடராக வைத்து, மிச்சம் 3 வோல்ட்டுக்கு 150 ஓம் போடுகிறீர்கள். கணக்கு கச்சிதம், 20 மில்லி ஆம்பியர். ஆனால் மூலம் ஒரு வண்டி பேட்டரி. இஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் ஆகிறது. எல்இடிகள் ஏறக்குறைய அதே 9 வோல்ட்டை எடுக்க, ரெசிஸ்டருக்கு 4.8 வோல்ட் வந்து சேரும். 4.8 ÷ 150 = 32 மில்லி ஆம்பியர். மூலம் 15 சதவீதம் கூடியதற்கு மின்னோட்டம் 60 சதவீதம் கூடிவிட்டது. ஒரே எல்இடி, 450 ஓம் என்றிருந்தால் 24 மில்லி ஆம்பியரோடு நின்றிருக்கும். ரெசிஸ்டருக்கு விட்டுவைக்கும் வோல்ட் குறையக் குறைய, மூலத்தின் சின்ன ஏற்றமும் பெரிதாக அடிக்கும். மூலம் எவ்வளவு வரை ஏறுமோ அந்த எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

ஓம் மீட்டர் காட்டும் மின்தடையும் கணக்கில் வரும் மின்தடையும் ஒத்துப்போகவில்லை

பழைய இழை பல்பு இதற்கு நல்ல உதாரணம். 230 வோல்ட், 60 வாட் பல்பில் ஓடுவது 60 ÷ 230 = 0.26 ஆம்பியர், மின்தடை சுமார் 882 ஓம். அதே பல்பைக் கழற்றி ஓம் மீட்டரில் வைத்தால் 60, 70 ஓம்தான் காட்டும். இரண்டுமே சரி. டங்ஸ்டன் இழை எரியும்போது ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, மின்தடை பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. சுவிட்ச் போடும் அந்தக் கணத்தில் மூன்று ஆம்பியருக்கும் மேல் பாய்வதும் இதனால்தான். இழை பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போது போய்விடுவதற்கும் இதுவே காரணம்.

ஹீட்டரில் இருக்கும் நிக்ரோம் கம்பியில் இந்த வேறுபாடு சில சதவீதம்தான். குளிர்ந்த நிலையில் அளந்தாலும் கணக்கு ஓரளவு சரியாக வரும். செம்புக் கம்பிச் சுருள் நடுவில் நிற்கும்: ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். மோட்டார் சுருள் 50 டிகிரி சூடானால் மின்தடை கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடும்.

சூடாகாத சாதாரண ரெசிஸ்டரிலும் வேறுபாடு வந்தால், அதைச் சர்க்யூட்டில் இருக்கும்போதே ஓம் மீட்டரால் அளந்தீர்களா என்று யோசியுங்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் பக்கத்தில் உள்ள பாகங்கள் வழியாகவும் ஓடி, எண்ணைக் குறைத்துக் காட்டும். ஒரு காலையாவது சர்க்யூட்டிலிருந்து விடுவித்து அளக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது ஓம் மீட்டரை வைப்பது வேறு ரகம். அதில் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை, மீட்டரும் கெடலாம்.

அப்புறம், தங்க நிறப் பட்டை உள்ள ரெசிஸ்டர் 5 சதவீதம் வரை முன்பின் இருக்க அனுமதி உண்டு. 470 என்று எழுதியிருந்து 455 வந்தால் அது பிழை இல்லை.

மீட்டரில் மின்னோட்டம் பூஜ்யம், மின்தடை முடிவிலி

பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கால்குலேட்டர் சொல்கிறது. சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் மீட்டரையே சந்தேகப்படுங்கள். மின்னோட்டத்தை அளக்கச் சிவப்பு ஒயரை வேறு துளைக்கு மாற்ற வேண்டும். மாற்றினீர்களா? மாற்றியிருந்தால், மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போயிருக்கலாம். வோல்ட் சரியாகக் காட்டும், ஓம் சரியாகக் காட்டும், ஆம்பியர் மட்டும் எப்போதும் பூஜ்யம் என்றால் பியூஸ்தான்.

அது எப்படிப் போனது? ஆம்பியர் துளையில் ஒயரை வைத்துக்கொண்டே பேட்டரியின் இரு முனைகளைத் தொட்டால் போய்விடும். ஆம்பியர் அளக்கும்போது மீட்டர் ஏறக்குறைய ஒரு கம்பித்துண்டு மாதிரி. மின்தடை மிகக் குறைவு. அதைப் பேட்டரிக்குக் குறுக்கே வைப்பது ஷார்ட் செய்வதற்குச் சமம். மின்னழுத்தத்தைப் பொருளுக்குக் குறுக்கே வைத்து அளக்க வேண்டும், மின்னோட்டத்தைச் சர்க்யூட்டை ஒரு இடத்தில் பிரித்து நடுவில் மீட்டரை நுழைத்து அளக்க வேண்டும். மலிவான பல மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பியூஸே கிடையாது. அங்கே ஷார்ட் ஆனால் ஒயர் உருகும், கை சுடும். அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்குத் திருப்பி வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மைனஸ் மின்தடை வந்திருந்தால் இரண்டு அளவீட்டில் ஒன்றில் ஒயர்களை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

அளவு சரி, கணக்கு சரி, ஆனாலும் விடை கொஞ்சம் தள்ளியே வருகிறது

மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு பாகம் என்பதை மறந்துவிடுகிறோம். 1.5 வோல்ட் செல்லில் 5 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 0.3 ஆம்பியர் ஓட வேண்டும். நடுவில் நுழைத்த மீட்டரும் அதன் ஒயர்களும் சேர்ந்து 1 ஓம் என்றால் ஓடுவது 0.25 தான். முன்பே அளந்து வைத்த 1.5-ஐ இந்த 0.25-ஆல் வகுத்தால் 6 ஓம் வரும். மீட்டரை மின்தடையோடு சேர்த்து அளந்துவிட்டீர்கள். ஆம்பியர் மீட்டர் உள்ளே இருக்கும்போதே, இன்னொரு மீட்டரால் ரெசிஸ்டரின் கால்களில் மின்னழுத்தத்தை அளந்தால் 1.25 காட்டும். 1.25 ÷ 0.25 = 5. ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்று முதலில் சொன்னதன் காரணம் இதுதான்.

ஒரே மீட்டர்தான் இருக்கிறது என்றால், சர்க்யூட்டில் தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அதன் குறுக்கே எத்தனை மில்லி வோல்ட்டோ, அத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது. மீட்டரை வோல்ட்டிலிருந்து மாற்றவே வேண்டாம், சர்க்யூட்டைப் பிரிக்கவும் வேண்டாம். சின்ன சர்க்யூட்டுகளுக்கு ஆம்பியர் துளையை விட இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

மின்தடை மிக அதிகமாக இருக்கும்போது தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்கள் வோல்ட் அளக்கும்போது 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். 9 வோல்ட்டில் 10 மெகா ஓம் இரண்டு தொடராக இருந்தால் ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ட் வர வேண்டும். மீட்டரை ஒன்றின் மேல் வைத்ததும் அது 5 மெகா ஓம் ஆகிவிடும். காட்டுவது 3 வோல்ட். மீட்டர் பொய் சொல்லவில்லை. அதை வைத்தபின் அங்கே உண்மையிலேயே 3 வோல்ட்தான் இருக்கிறது.

மிகச் சிறிய மின்தடைக்கு ஓம் மீட்டர் உதவாது. மீட்டரின் ஒயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். அதனால் 0.05 ஓமை அளக்க முயன்றால் ஒயரைத்தான் அளப்பீர்கள். இதற்கு நான்கு கம்பி முறை என்று ஒன்று உண்டு. கெல்வின் முறை என்றும் சொல்வார்கள். இரண்டு கம்பி வழியாகத் தெரிந்த மின்னோட்டத்தை அனுப்பி, வேறு இரண்டு கம்பியால் பொருளின் உடம்பிலேயே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 1 ஆம்பியர் அனுப்பி 47 மில்லி வோல்ட் வந்தால் 0.047 ஓம். மின்னோட்டம் போகும் கம்பியில் எவ்வளவு அழுத்தம் விழுந்தாலும் அது இந்தக் கணக்குக்குள் வராது. வோல்ட் அளக்கும் கம்பியில் மின்னோட்டமே இல்லை என்று சொல்லுமளவு குறைவு, அதனால் அங்கேயும் இழப்பு இல்லை.

மீட்டரின் துல்லியத்தையும் பாருங்கள். வோல்ட் 1 சதவீதம், ஆம்பியர் 2 சதவீதம் வரை பிசகலாம் என்றால், வகுத்தாலும் பெருக்கினாலும் விடை 3 சதவீதம் வரை பிசகலாம். 4.73829 ஓம் என்று ஐந்து தசமம் எழுதுவதில் பயன் இல்லை. 4.7 போதும்.

மின்தடை சரியாக வந்தது, வைத்த ரெசிஸ்டர் கருகிவிட்டது

ஓம் கணக்கைப் போட்டுவிட்டு வாட் கணக்கை விட்டுவிட்டீர்கள். 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 10 ஓம் வைத்தால் 0.5 ஆம்பியர், 2.5 வாட். சர்க்யூட் போர்டுகளில் வரும் சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டருக்கு இது பத்து மடங்கு. சில நொடியில் புகை வரும்.

வர்க்கத்தை மனதில் வையுங்கள். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் அதே ரெசிஸ்டரில் திறன் நான்கு மடங்காகும். 5 வோல்ட்டில் சுகமாக இருந்த சர்க்யூட்டை 12 வோல்ட்டில் செருகினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு மடங்கு.

ரெசிஸ்டரில் எழுதியிருக்கும் வாட் அளவு காற்றோட்டம் உள்ள இடத்துக்கு. பொதுவாகச் சுற்றியுள்ள காற்று 70 டிகிரி செல்சியஸ் வரைதான் அந்த முழு அளவு செல்லும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்கு வாட் உள்ளதை வைப்பது என் வழக்கம். 0.25 வந்தால் அரை வாட்.

சுமை இல்லாதபோது மின்னழுத்தம் சரி, சுமை போட்டதும் விழுகிறது

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது 50 ஆம்பியர் ஓட, மோட்டார் முனையில் 10.6 வோல்ட் மட்டும். அந்த 2 வோல்ட் எங்கே போனது? 2 ÷ 50 = 0.04 ஓம். பேட்டரியின் உள்மின்தடை, கேபிள், இணைப்புகள் எல்லாம் சேர்ந்தது அது. 2 × 50 = 100 வாட் வழியிலேயே சூடாகப் போகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 530 வாட். 12.6-ஐ 50-ஆல் பெருக்கி மோட்டார் 630 வாட் எடுக்கிறது என்று எழுதினால், வழியில் போன நூறையும் மோட்டார் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

எந்த இணைப்பு கெட்டிருக்கிறது என்பதையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வோல்ட் மீட்டரை வையுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லி வோல்ட்தான் இருக்கும். ஓரிடத்தில் அரை வோல்ட் வந்தால், 0.5 ÷ 50 = 0.01 ஓம், 25 வாட் வெப்பம் அந்த ஒரு முனையில். கையை வைக்காமலே சூடு என்று தெரிந்துவிடும். ஓம் மீட்டரில் அதே இணைப்பு பூஜ்யம் என்றே காட்டும், ஏனெனில் 0.01 ஓம் அதன் பார்வைக்குத் தெரியாது. துருப்பிடித்த முனையைத் தேடுபவர்கள் ஓம் மீட்டரோடு மணிக்கணக்கில் போராடுவதைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும்.

மாறுதிசை மின்சாரத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் மீட்டரை விட அதிகம் வருகிறது

230 வோல்ட்டில் ஒரு மோட்டார் 0.5 ஆம்பியர் எடுக்கிறது. பெருக்கினால் 115. வாட் மீட்டர் 70 காட்டுகிறது. வாட் மீட்டர் கெடவில்லை. 115 என்பது வோல்ட் ஆம்பியர், வாட் இல்லை. மோட்டார் சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி ஓடுவதால் இரண்டும் ஒரே கணத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. எடுத்ததில் ஒரு பகுதி ஒவ்வொரு சுழற்சியிலும் மூலத்துக்கே திரும்பிவிடுகிறது. 70 ÷ 115 = 0.61, இதைத் திறன் காரணி என்கிறோம். ஹீட்டர், இழை பல்பு போன்றவற்றில் இது ஏறக்குறைய 1. அங்கே வெறும் பெருக்கல் போதும்.

அதே மோட்டாரில் 230 ÷ 0.5 = 460 ஓம் என்று வருவதும் மின்தடை ஆகாது. அது மின்மறுப்பு, சுருளின் காந்தத் தன்மையால் வரும் எதிர்ப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. ஓம் மீட்டரில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். டிரான்ஸ்ஃபார்மரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. முதன்மைச் சுருள் ஓம் மீட்டரில் 40 ஓம் காட்டினால், 230 ÷ 40 = 5.75 ஆம்பியர், 1,300 வாட்டுக்கு மேல் இழுக்குமோ என்று பயம் வரும். சுமையில்லாத சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சில பத்து மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். அந்தச் சுருளுக்கு 230 வோல்ட் நேர்திசை மின்சாரம் கொடுத்தால் மட்டும் அந்த 5.75 உண்மையாகிவிடும், சுருளும் எரிந்துவிடும்.

சரியாக இரண்டு மடங்கு வருபவர்களுக்கு: 230 என்பது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது அதே வெப்பத்தைத் தரும் நேர்திசை மின்னழுத்தத்துக்குச் சமமான அளவு. அலையின் உச்சம் சுமார் 325 வோல்ட். 52.9 ஓம் ஹீட்டருக்கு 230-ஐப் போட்டால் 1,000 வாட், 325-ஐப் போட்டால் 2,000 வாட். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்து எண் எடுப்பவர்கள் உச்சத்தை 1.414-ஆல் வகுத்த பிறகே திறன் கணக்குக்குப் போக வேண்டும். ஆசிலோஸ்கோப் மேல் உச்சத்திலிருந்து கீழ் உச்சம் வரை சேர்த்துக் காட்டியிருந்தால், முதலில் அதைப் பாதியாக்குங்கள்.

மொபைல் சார்ஜர், கணினி, மங்கலாக்கும் சுவிட்ச் போன்றவற்றில் மின்னோட்டம் அழகான அலையாக இல்லாமல் சின்னச் சின்னத் துடிப்பாக வரும். சாதாரண மீட்டர் சராசரியை அளந்து அதை 1.11-ஆல் பெருக்கி ஆர்எம்எஸ் என்று காட்டுகிறது. சைன் அலைக்கு மட்டும்தான் அது பொருந்தும். இத்தகைய சுமைகளில் மின்னோட்டத்தைக் கணிசமாகக் குறைத்தே காட்டும். மீட்டரில் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ (சைன் அல்லாத அலையையும் சரியாக அளப்பது) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

லேபிளில் உள்ள எண்ணை வைத்துப் போட்ட கணக்கு நடைமுறையில் ஒத்துவரவில்லை

ஒரு ஹீட்டரில் ‘230 வோல்ட், 1,000 வாட்’ என்று எழுதியிருந்தால் 230 வோல்ட் வந்தால்தான் 1,000 வாட். மாறாமல் இருப்பது மின்தடை: 52.9 ஓம். மின்சாரம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் 200 × 200 ÷ 52.9 = 756 வாட். மின்னழுத்தம் 13 சதவீதம் குறைந்தது, தண்ணீர் சூடாகும் வேகம் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 1,000-ஐ 200-ஆல் வகுத்து 5 ஆம்பியர் என்று எடுப்பது தவறு. ஹீட்டரில் ஓடுவது 3.78 ஆம்பியர்.

அடாப்டரில் ‘5 வோல்ட், 2 ஆம்பியர்’ என்றிருந்தால் 5 ÷ 2 = 2.5 ஓம் என்று அதற்கு ஒரு மின்தடை கிடையாது. 2 ஆம்பியர் என்பது அது தரக்கூடிய உச்சம். எவ்வளவு ஓடும் என்பதை மறுமுனையில் செருகும் கருவிதான் தீர்மானிக்கிறது. 0.5 ஆம்பியர் கேட்கும் கருவியை 2 ஆம்பியர் அடாப்டரில் தாராளமாகச் செருகலாம், அடாப்டர் மீதியைத் திணிக்காது. வோல்ட் மட்டும் ஒத்துப்போக வேண்டும்.

பவர் பேங்கில் வரும் குழப்பம் இதற்குப் பக்கத்தில் நிற்பது. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு. 3.7 × 10 = 37 வாட் மணி. வெளியே வருவது 5 வோல்ட் என்பதால் 37 ÷ 5 = 7.4 ஆம்பியர் மணி; மாற்றும்போது ஏற்படும் இழப்பு போக இன்னும் குறையும். 10 வாட் எடுக்கும் கருவியை அது மூன்றே முக்கால் மணி நேரம் ஓட்டும் என்று கணக்கில் வந்தால், மூன்று மணி நேரத்துக்கு நம்பி வைத்துக்கொள்ளுங்கள்.